கெய்ரோவில் அரபு படிக்கப் பணம் அனுப்பும் முன்: ‘மொழிச்சூழல் பயிற்சி’ என்ற பெயரில் எங்களுக்கு நேர்ந்தது

எகிப்துக்கோ ஜோர்தானுக்கோ சென்று, அங்குள்ள மக்களோடு வாழ்ந்தபடியே அரபு பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எண்ணி ஏதேனும் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் பணம் அனுப்பத் தயாராக இருப்பவர்கள், அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கெய்ரோவின் நஸ்ர் சிட்டி பகுதியில் இயங்கிய ஒரு மொழிப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. இத்தகைய நிறுவனங்கள் பெயரை எளிதாக மாற்றிக்கொள்கின்றன. நடைமுறை மட்டும் மாறுவதில்லை. ஆகவே அந்த நடைமுறையைத்தான் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னை மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்காக வரும் ஓமன், ஏமன், ஈராக், சூடான் நாட்டு நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறேன். அரபிக் கல்லூரியில் ஓதியவன்; சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா என்னும் அரபுத் தேர்வும் எழுதியிருக்கிறேன். நஹ்வும் ஸர்ஃபும் (தொடரிலக்கணமும் சொல்லிலக்கணமும்) தெரியும், நூல்களையும் நாளிதழ்களையும் தயக்கமின்றிப் படிக்க முடியும். ஆனால் வலியில் துடிக்கும் ஒரு பெரியவர் தன் ஊர்ப் பேச்சில் வேகமாகச் சொல்வதை அந்தக் கணமே புரிந்துகொண்டு மருத்துவரிடம் சொல்வது வேறு திறமை. அதை வகுப்பறைக்கு வெளியே, அரபு மட்டுமே காதில் விழும் இடத்தில்தான் பெற முடியும் என்பதால் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்றேன்.

அந்த நிறுவனம் எழுத்தில் தந்த உறுதிமொழிகள் இவை. ஒரு வகுப்பில் ஆறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். முதல் நாளே தகுதித் தேர்வு வைத்து, அவரவர் நிலைக்கு ஏற்பப் பிரிப்பார்கள். காலையில் ஃபுஸ்ஹா என்னும் எழுத்து அரபு, மாலையில் எகிப்திய ஆம்மிய்யா என்னும் பேச்சு வழக்கு என்று நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் பாடம் நடக்கும். எகிப்தியக் குடும்பம் ஒன்றோடு தங்க வைப்பார்கள். நிறுவன வளாகத்துக்குள் அரபு தவிர வேறு மொழி பேச அனுமதியில்லை. மாணவர்களுக்குரிய வதிவிட அனுமதிக்கான கடிதத்தையும் அவர்களே தருவார்கள். மூன்று மாதத்துக்கு, தங்குமிடம் உட்பட 1,950 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். முழுத்தொகையையும் முன்கூட்டியே அனுப்பினால்தான் இடம் உறுதியாகும் என்றார்கள்.

இவற்றில் ஒன்றுகூடச் சொன்னபடி நடக்கவில்லை.

தங்குமிடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மிகப் பெரிய ஏமாற்று அங்கேதான் நடந்தது. எகிப்தியக் குடும்பம் என்று அவர்கள் சொன்னது, மேல்மாடியில் குடியிருந்த வீட்டு உரிமையாளரை. அவர் மாதத்துக்கு ஒருமுறை கீழே வந்து மின்கட்டணக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போவார். நாங்கள் இருந்ததோ வெளிநாட்டு மாணவர்கள் மட்டுமே நிறைந்த ஒரு அடுக்ககம். ரஷ்யாவின் தாகெஸ்தான், இந்தோனேசியா, நைஜீரியா, பிரிட்டன் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்டோம். எல்லோருக்கும் பொதுவாக இருந்த மொழி ஆங்கிலம். அல்அஸ்ஹர் பல்கலைக்கழக வளாகம் அருகில் இருப்பதால் நஸ்ர் சிட்டியில் பல நாட்டு மாணவர்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கிறார்கள். அவரவர் நாட்டு உணவுக்கடையும் அவரவர் மொழிக் கூட்டமும் அங்கே உண்டு. அப்படிப்பட்ட பகுதியில், வெளிநாட்டவர் மட்டுமே வாழும் வீட்டில் ஒருவரைக் குடிவைத்துவிட்டு அதை மொழிச்சூழல் என்று விற்பது அப்பட்டமான மோசடி. அந்தக் கட்டடத்தில் என்னோடு நாள்தோறும் அரபு பேசிய ஒரே மனிதர், வாசலில் அமர்ந்திருந்த பவ்வாப் என்னும் காவலாளி. மேல் எகிப்து எனப்படும் தென்பகுதியிலிருந்து வந்த அந்தப் பெரியவர் பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சொல்லித் தந்ததற்கு நான் யாருக்கும் கட்டணம் கொடுத்திருக்கவில்லை.

தகுதித் தேர்வு நடக்கவே இல்லை. எழுத்தே அறியாதவர்களும், மத்ரஸாவில் பல ஆண்டுகள் ஓதியவர்களும் ஒரே அறையில் அமர்த்தப்பட்டோம். எண்ணிக்கை ஆறுக்கு இரு மடங்குக்கும் மேல் இருந்தது. அத்தனை வேறுபட்டவர்களுக்கு ஒரே பாடத்தை நடத்த வேண்டிய ஆசிரியர், வேறு வழியின்றி ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் நாள் வந்தவருக்கு அரபிலேயே விளக்குவதற்குத் தனிப் பயிற்சியும் சிறிய வகுப்பும் தேவை. இரண்டையும் நிறுவனம் அவருக்குத் தரவில்லை. பாடநூலுக்கெனத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு எங்கள் கையில் தந்தது, மதீனா பாடநூல் வரிசையின் மங்கிய ஒளிநகல். வாணியம்பாடியில் பிறந்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம் அவர்கள் எழுதிய நூல் அது. அருமையான நூல்தான், ஆனால் தமிழ்நாட்டு மத்ரஸாக்களில் படிக்கக் கிடைப்பது, இணையத்திலும் கட்டணமின்றிக் கிடைப்பது. மேலும் அது ஃபுஸ்ஹாவின் அடிப்படையைக் கற்பிக்கும் நூல், கெய்ரோ மக்களின் பேச்சைக் கற்பிப்பதற்காக எழுதப்பட்டதன்று.

ஃபுஸ்ஹாவுக்கும் பேச்சு வழக்குக்கும் இடையே உள்ள தூரத்தை அறியாமல் புறப்படுகிறவர்கள்தான் இந்த வலையில் எளிதாகச் சிக்குகிறார்கள். குர்ஆனிலும் செய்தி அறிக்கையிலும் நாம் கேட்கும் அரபை எகிப்தில் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள், ஆனால் கடையிலும் மைக்ரோபஸ் என்னும் சிறு பேருந்திலும் யாரும் அதில் பேச மாட்டார்கள். ஜீம் எழுத்தைக் கெய்ரோ மக்கள் ஆங்கில ‘g’ போல ஒலிப்பார்கள். காஃப் (ق) எழுத்து பெரும்பாலும் ஹம்ஸாவாக, அதாவது தொண்டையில் ஒரு கணம் நிற்கும் ஒலியாகக் கரைந்துவிடும். கேள்விச் சொற்களும் எதிர்மறை அமைப்பும் வேறு. ஆகவே பேச்சு வழக்கை யாராவது முறையாகச் சொல்லித் தராத வரை, தெருவில் நடப்பது கற்றவருக்கும் காது கேளாத நிலைதான். எங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட ஆம்மிய்யா வகுப்பு முதல் சில வாரங்களோடு நின்றுபோயிற்று. ஆசிரியர் கிடைக்கவில்லை என்ற ஒரே பதிலைத்தான் கேட்டபோதெல்லாம் சொன்னார்கள்.

ஆசிரியர் ஏன் கிடைக்கவில்லை என்பதை, விலகிச் சென்ற ஆசிரியர் ஒருவரே பின்னர் விளக்கினார். மாணவர்களிடம் டாலரில் முன்கூட்டியே வாங்கும் நிறுவனம், ஆசிரியர்களுக்கு எகிப்திய பவுண்டில், மாதக் கடைசியில், தாமதமாகத் தருகிறது. 2024 மார்ச் 6 அன்று எகிப்திய மத்திய வங்கி நாணய மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டபோது, அதுவரை அதிகாரப்பூர்வமாக ஒரு டாலருக்கு 31 பவுண்டு அளவில் இருந்த மதிப்பு ஒரே நாளில் 50 பவுண்டை ஒட்டிச் சரிந்தது. எங்கள் டாலரின் மதிப்பு நிறுவனத்தின் கையில் அந்த அளவுக்கு உயர்ந்தது. ஆசிரியரின் ஊதியமோ பழைய பவுண்டிலேயே நின்றது. அரிசியும் எண்ணெயும் அதற்கு முன்பே விலையேறி இருந்த நிலையில், வெளிநாட்டு மாணவர்களுக்கு இணைய வழியாக நேரடியாகப் பாடம் எடுத்தால் டாலரிலேயே வருமானம் வரும் என்று அறிந்த நல்ல ஆசிரியர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்கள் இடத்தில் பயிற்சியில்லாத கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். படிப்பவரையும் படிப்பிப்பவரையும் ஒருசேரச் சுரண்டும் இந்த ஏற்பாடுதான் எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது.

அடுத்த சில நாள்களில், மார்ச் 11 அன்று, எகிப்தில் ரமலான் தொடங்கியது. வகுப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். நோன்பு மாதத்தில் நேரம் குறைவது இயல்பு, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த மாதம் எங்கள் பயிற்சிக் காலத்துக்குள் வருகிறது என்பதும், குறைந்த மணி நேரத்தை ஈடுசெய்யப் போவதில்லை என்பதும் பணம் வாங்கும் முன்பே அவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் முழு மூன்று மாதத்துக்கும் வாங்கிக்கொண்டதுதான் தவறு.

அவர்களின் விளம்பரத்தில் புதியவர்களுக்கும் மூன்று மாதத்தில் சரளமான பேச்சு என்று இருந்தது. ஆங்கிலம் பேசுபவர் அரபில் பணி செய்யும் அளவுக்குத் தேர்ச்சி பெற 88 வாரங்கள், அதாவது 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது; தன் தூதரக அலுவலர்களுக்குப் பல்லாண்டுகள் மொழி கற்பித்த அனுபவத்தில் எழுந்த கணக்கு அது. எங்களுக்குச் சொன்ன வகுப்புகள் முழுமையாக நடந்திருந்தாலும் 12 வாரத்துக்கு 240 மணி நேரம்தான் வரும். நடந்ததோ அதில் பாதிகூட இல்லை. எங்களோடு தங்கியிருந்த, எழுத்தே தெரியாமல் வந்த ஓர் இந்தோனேசிய இளைஞர் மீது, அவர் விரைவில் பேசிவிடுவார் என்ற நம்பிக்கையைச் சுமத்திப் பணம் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்காது.

வதிவிட அனுமதிக்கான கடிதம் வரவே இல்லை. நிறுவனத்தின் பதிவைப் புதுப்பிக்கும் பணி நடக்கிறது என்று வாரந்தோறும் சொல்லி வந்தார்கள். அனுமதிக் காலம் முடியும் தறுவாயில், அப்பாஸியாவில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்கு நாங்களே சென்று சுற்றுலா அனுமதியை நீட்டித்துக்கொள்ள நேர்ந்தது. கடைசியில் தந்த சான்றிதழில், எந்தத் தேர்வும் வைக்காமலே, மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியப் பொது அளவுகோலின்படி மேல்நிலை என்று அச்சிட்டு, சர்வதேச அங்கீகாரம் பெற்றது என்ற முத்திரையையும் பதித்திருந்தார்கள். 2001-இல் அந்த அளவுகோலை வெளியிட்ட ஐரோப்பியக் கவுன்சில் எந்தப் பயிற்சி நிறுவனத்துக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை. மருத்துவமனையில் அந்தத் தாளைக் காட்ட எனக்கு நாணமாக இருந்ததால் காட்டவில்லை.

உண்மையான மொழிச்சூழல் பயிற்சி என்பது ஊரைப் பொறுத்ததன்று, விதியைப் பொறுத்தது. அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி 1915 முதல் நடத்திவரும் கோடைக்கால மொழிப் பள்ளிகளில், கற்கும் மொழியைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று மாணவர்கள் கையெழுத்திட்டு உறுதியளிக்கிறார்கள். உணவுக்கூடத்திலும் விடுதியிலும் அது கட்டாயம். சுற்றிலும் ஆங்கிலம் பேசும் நாட்டிலேயே அது நடக்கிறது. எங்களுக்குச் சுற்றிலும் அரபு இருந்தும், உள்ளே எந்த விதியும் இல்லாததால் நாள் முழுவதும் ஆங்கிலம்தான் பேசினோம்.

ஆகவே சேர நினைப்பவர்கள் ஊரின் புகழைப் பார்க்காமல் அந்த விதியைப் பற்றிக் கேளுங்கள். யாரோடு தங்குவேன், அந்த வீட்டில் இரவு உணவை யாரோடு உண்பேன் என்று கேட்டு, அந்தக் குடும்பத்தினரோடு காணொளி அழைப்பில் பேசிய பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். எனக்குப் பாடம் எடுக்கப்போகும் ஆசிரியரோடு ஒரு மாதிரி வகுப்பு வேண்டும் என்று வலியுறுத்துங்கள். மறுத்தால் அப்படி ஓர் ஆசிரியர் அங்கே இல்லை என்றே கொள்ளலாம். ஃபுஸ்ஹாவுக்கு எத்தனை மணி நேரம், பேச்சு வழக்குக்கு எத்தனை மணி நேரம், ரமலானிலும் பெருநாளிலும் என்ன ஏற்பாடு என்பவற்றை எழுதி வாங்குங்கள். இப்போது படிக்கிறவர்கள் விடுதிக்காகவும் கடிதத்துக்காகவும் நிறுவனத்தைச் சார்ந்திருப்பதால் மனம் திறந்து பேச மாட்டார்கள். படித்து முடித்து வெளியேறியவர்களிடம் கேளுங்கள். கட்டணத்தை மாதம் மாதமாக மட்டுமே கட்டுங்கள். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனிநபர் ஒருவரின் பெயரில் இருந்தால், வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தை நிரப்பும் இடத்திலேயே நின்றுவிடுங்கள். வங்கிவழி அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். கடன் அட்டையில் கட்டியிருந்தால் முறையீடு செய்யவாவது ஒரு வழி இருக்கிறது.

கெய்ரோவில் நேர்மையான இடங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அல்அஸ்ஹரைச் சார்ந்து, பிறமொழியாளருக்கு அரபு கற்பிக்கும் ஷேக் ஸாயித் மையம் இருக்கிறது. அம்மானில் ஜோர்தான் பல்கலைக்கழகமும் வெளிநாட்டவருக்கு அரபு வகுப்பு நடத்துகிறது. 2011 வரை டமாஸ்கஸுக்குச் சென்று அரபு கற்ற வெளிநாட்டவர் ஏராளம்; சிரியப் போருக்குப் பின் பலர் கெய்ரோவையும் அம்மானையும் நாடியதால், தனியார் நிறுவனங்களுக்கு ஆள் தேடும் சிரமமே இல்லாமல் போயிற்று. பல்கலைக்கழகங்களைச் சார்ந்த இடங்களிலும் மேற்சொன்ன கேள்விகளைக் கேட்ட பிறகே சேருங்கள். எனக்குப் பயன்பட்ட பேச்சு அரபு, விலகிச் சென்ற அந்த ஆசிரியரிடம் நேரடியாகக் கட்டணம் தந்து, தேநீர்க் கடை ஒன்றில் அமர்ந்து பெற்றதுதான். ஜனவரி இறுதியில் தொடங்கிய கெய்ரோ பன்னாட்டுப் புத்தகக் காட்சியிலும், ஒவ்வொரு கடையாக நின்று விற்பவர்களோடு பேசியதில் நிறையக் கிடைத்தது. போரால் கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்து வந்திருந்த சூடானியர் சிலரின் நட்பால், எங்கள் மருத்துவமனைக்கு வரும் சூடான் நோயாளிகளின் பேச்சும் ஓரளவு பிடிபட்டது.

பணத்தைத் திருப்பித் தரக் கோரி எழுதிய கடிதங்களுக்கு, வகுப்பு தொடங்கிய பின் எதுவும் திருப்பித் தரப்படாது என்ற ஒரே பதிலும், அதோடு அடுத்த பருவத்துக்குக் கட்டணச் சலுகையும் வந்தன. நடந்ததை வெளியே எழுதினால் சான்றிதழ் செல்லாதாகிவிடும் என்று உடன் படித்த ஒருவரை மிரட்டியிருக்கிறார்கள். அவர் எழுதத் தயங்குகிறார், ஆனால் தன் ரசீதுகளை என்னிடம் தந்திருக்கிறார். நஸ்ர் சிட்டியில் முழுத்தொகையையும் முன்கூட்டிக் கேட்கும் நிறுவனத்தோடு இப்போது பேசிக்கொண்டிருப்பவர்கள், அவர்கள் தந்த வங்கிக் கணக்கு விவரத்தை எனக்குத் தனியாக அனுப்பினால், எங்களிடம் உள்ளதோடு ஒப்பிட்டு அன்றே பதில் சொல்கிறேன். கேட்க வேண்டிய கேள்விகளை அரபிலும் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.