மேயரை நாம் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்களா?

2011 மாநகராட்சித் தேர்தலில் நமக்கு இரண்டு ஓட்டு: வார்டு கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று. 2022 பிப்ரவரியில் ஒன்றே ஒன்று. மேயரை மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

நேரடித் தேர்தலில் மேயர் ஊர் முழுவதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1996இல் சென்னையில் மு.க. ஸ்டாலின் அப்படித்தான் மேயரானார். சிக்கல் ஒன்று உண்டு: கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்தில் பெரும்பான்மை வேறு கட்சியிடம் போனால் தீர்மானங்கள் முட்டி நிற்கும்.

கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலில் அந்த முட்டல் இருக்காது என்பார்கள். நெல்லையைப் பாருங்கள். அங்கே சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே எதிர்த்து நின்றார்கள். 2024 ஜூலையில் மேயர் பதவி விலகினார். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் தி.மு.க.வின் அதிகாரபூர்வ வேட்பாளருக்கு 30 ஓட்டு, அதே கட்சியின் போட்டி வேட்பாளருக்கு 23. நெல்லை வாக்காளருக்கு அதில் ஓர் ஓட்டும் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

எந்த முறையானாலும் நிர்வாகம் மாநகராட்சி ஆணையர் கையில். அவரை அனுப்புவது மாநில அரசு. ஆனாலும் குடிநீருக்கும் குப்பைக்கும் ஊரே சேர்ந்து கேள்வி கேட்க ஒரு முகம் வேண்டும். அதனால் என் ஓட்டு நேரடித் தேர்தலுக்கே.