ஏரிக்கரையில் கிடைத்த எலும்பு: நாக்கா, நெருப்பா, செயலியா, கறிக்கடையா?

பெங்களூரில் கோடையில் ஏரி வற்றினாலும் சரி, அடுக்ககத்துக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் சரி, ஏதாவது ஓர் எலும்பு வெளியே வரும். அன்று மாலைக்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் டைனோசர் உலவ ஆரம்பித்துவிடும். அடையாளம் காண ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

நாக்கில் ஒட்டினால் புதைபடிவம் என்பது முதல் வழி. நுண்துளை உள்ள எதுவும் ஈரத்தை இழுத்து ஒட்டும். வெயிலில் காய்ந்த போன வருடத்து மாட்டெலும்பும் ஒட்டும், உடைந்த பானை ஓடும் ஒட்டும். சாக்கடை கலக்கும் ஏரியில் எடுத்ததை நக்கச் சொல்பவரை முதலில் நக்கச் சொல்லுங்கள்.

நெருப்பு அதைவிட மேல். சிறு சில்லைத் தீயில் காட்டினால், கொலாஜன் என்ற புரதம் மிச்சமிருக்கும் எலும்பில் மயிர் பொசுங்கும் நாற்றம் வரும். வந்தால் அது கல்லாக மாறவில்லை. வராவிட்டால் மட்டும் பழையது என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே எரிந்த எலும்பிலும் நாற்றம் இராது. பொருளும் சேதமாகிறது.

கைப்பேசிச் செயலி படத்தில் தெரியும் வடிவத்தை மட்டுமே பார்க்கிறது; எடையும் உடைந்த முகமும் அதற்கு எட்டாது. வடிவம் மனிதரையே ஏமாற்றும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று பரபரப்பான உருண்டைகள், கடைசியில் அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரைச் சுற்றி இறுகிய கற்கள்.

என் ஓட்டு கறிக்கடைக்கே. சிவாஜிநகரில் ஒரு நீள எலும்பை நீட்டி, "பாய், இது எந்தக் கால்?" என்று கேட்டேன். குளம்புக்கு மேலே வரும் எலும்பு என்று சொல்லி, அவர் அடிமுனையைத் திருப்பிக் காட்டினார்: பக்கத்தில் பக்கமாக இரண்டு உருளைகள், நடுவே ஒரு பிளவு. இரட்டைக் குளம்புள்ள ஆடு, மாடு, எருமைக்கு அப்படி. குதிரைக்கு ஒற்றை முனை. நாய்க்கு அந்த இடத்தில் தனித்தனிச் சிறு எலும்புகள். எந்தச் செயலியும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பாய்க்குத் தெரியாதது வயது. அதற்கு நிலத்தைக் கேட்க வேண்டும். லால்பாக் குன்று சுமார் 300 கோடி ஆண்டு பழைய நைஸ் பாறை. எலும்புள்ள உயிர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அதற்குள் டைனோசர் கிடையாது. நம் ஏரி எலும்பு மேல்மண்ணில் புதைந்த கால்நடையாகவே பெரும்பாலும் இருக்கும். அரியலூர்ப் பக்கம் போய்வந்த உறவினர் பையில் வந்த கல் என்றால் கதை வேறு. அங்கே டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் படிவுகள் இருக்கின்றன. பத்து மடங்கு லென்ஸில் உடைந்த முகத்தைப் பாருங்கள்: பஞ்சு போன்ற கண்ணறைகள் தெரிந்தால் எலும்பு, ஒரே சீரான மணல் துகள் என்றால் வெறும் கல். அதன் பிறகும் சந்தேகம் நின்றால், பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுத்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, குமாரசாமி லேஅவுட்டில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு எழுதலாம்.

மனித எலும்போ என்ற ஐயம் வந்தால் எதையும் தொடாமல் 112-ஐ அழையுங்கள். யானைத் தந்தம், புலி நகம் போல் தெரிந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.