கைரேகை மெசின்: களுவாஞ்சிகுடிக் கடையில் ஒன்பது மாதப் பாவனை

கடையில் வேலைக்கு வருகிற நேரத்தைப் பதிய ஒரு கைரேகை மெசின் வாங்கலாமா என்று இதுவரை நாலு கடைக்காரர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான், லேட்டாக வருகிறவனைப் பிடிக்குமா? பிடிக்கும். ஆனால் எங்கள் கடையில் அது முதலில் பிடித்தது முதலாளியை. ஒவ்வொருத்தருக்கும் போனில் அரை மணித்தியாலம் விளக்கி அலுத்துவிட்டது, அதனால் முழுக்கதையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இலங்கையில், மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிகுடியில் மாமாவின் பலசரக்குக் கடை அது. இப்போது கொஞ்சம் வளர்ந்து, ஆட்கள் தாங்களே கூடையைத் தூக்கிக்கொண்டு சாமான் எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. என்னையும் மாமாவையும் விட்டால் 16 பேர் வேலை செய்கிறார்கள். நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்துவிட்டுக் கொழும்பில் நாலு வருடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். "ஊராருக்கு உழைச்சது போதும் மகள், வந்து இந்தக் கடையைப் பார்" என்று மாமா கூப்பிட்டதால் திரும்பி வந்தேன். நான் வந்தபோது வரவுப் பதிவு என்று இருந்தது ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் எல்லோரும் 8.00 என்றே எழுதுவார்கள். எட்டரைக்கு வந்தவரும் 8.00, பத்து மணிக்குச் சாவகாசமாக வருகிற மாமாவின் மருமகனுடைய தம்பியும் 8.00. போகிற நேரம் எல்லோருக்கும் 5.00. கொப்பியை மட்டும் பார்த்தால் இராணுவ முகாம் தோற்றுப்போகும்.

சரி, மெசினுக்கு வருவோம். சீனத் தயாரிப்பு, உள்ளங்கை அகலத்தில் சின்னத் திரை, கீழே விரல் வைக்கிற கண்ணாடி, நம்பர் பட்டன்கள். மட்டக்களப்பு டவுனில் எடுத்தோம், பூட்டித் தந்த கூலி, கரண்ட் போனால் தாங்குகிற பற்றரி எல்லாமாக 28,500 ரூபா. ஆயிரம் பேருக்கு மேல் ரேகை பதியலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, எங்களுக்கு 18 போதும். விரல் வைத்தால் ஒரு செக்கன்கூட எடுக்காது, ஒரு பொம்பிளைக் குரல் "தாங்க் யூ" என்று சொல்லும். பிடிபடாவிட்டால் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்". இந்த இரண்டாவது வசனத்தைக் கடையில் இப்போது எல்லாத்துக்கும் பாவிக்கிறார்கள், கடன் கேட்டு வருகிறவர்களுக்கும்கூட.

குறைகளை முதலே சொல்லிவிடுகிறேன். தமிழில் பெயர் ஏற்றினால் வெறும் சதுரப் பெட்டிகளாக வருகிறது, இங்கிலீசில்தான் போடவேண்டும். மாத முடிவில் பென் டிரைவில் எடுக்கிற அறிக்கை ஒரு மனிதர் வாசிக்கிற ஒழுங்கில் இல்லை, அதை எக்செல்லில் போட்டு ஒழுங்குபடுத்த எனக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு பின்னேரம் போகிறது. பற்றரியும் தீர்ந்த ஒரு நாளில் மணிக்கூடு 2000ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போய்விட்டது, அன்றைக்கு வேலைக்கு வந்த 14 பேரில் சிலருக்கு அப்போது நாலு வயதுகூட இருந்திருக்காது. பூட்ட வந்த தம்பி நல்ல பிள்ளை, ஆனால் காட்டித் தந்தது பத்து நிமிடம், பிறகு போன் எடுத்தால் "வாறன் அக்கா" என்ற பதில்தான். வந்தது மூன்றாவது கிழமை.

பெரிய குறை வேறு. மெசின் கையைப் பார்க்கிறது, ஆனால் வேலை செய்த கை அதற்குப் பிடிபடுவதில்லை. எங்கள் நாட்டாமை அண்ணன் (தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை) இருபது வருடத்துக்கு மேல் அரிசி மூட்டையும் சீமெந்தும் தூக்கியவர். விரல் நுனியில் ரேகை என்று சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. பத்து விரலையும் மாறிமாறி வைத்தோம், "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" பத்துத் தரம். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், ஆனால் அடுத்த நாள் அவர் எல்லோரும் வந்து முடிந்த பிறகுதான் மெசினுக்குக் கிட்டப் போனார், அதைக் கண்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மிளகாய்த்தூள் பக்கட் பண்ணுகிற அக்காவுக்கும், மீன் வெட்டுகிற தம்பிக்கும் ஈரக் கையால் இதே பிரச்சினை. கடையில் ஆகக் கஷ்டமான வேலை செய்கிற மூன்று பேர்தான் ஒவ்வொரு காலையும் வாசலில் மறிபட்டு நிற்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் எங்களுடையதைப் போலக் கார்ட் தட்டுகிற வசதியும் உள்ள மொடலாக எடுங்கள், கொஞ்சம்தான் கூட.

இன்னொரு பிழை முழுக்க என்னுடையது. யாரிடமும் சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை மெசினைச் சுவரில் பூட்டிவிட்டு, வரிசையில் நில்லுங்கள், விரல் பதியவேண்டும் என்றேன். கல்லாவில் நிற்கிற பிள்ளையின் அம்மா அன்று பின்னேரமே கடைக்கு வந்துவிட்டார். "என்னத்துக்கு மகள் ரேகை எடுக்கிறீங்க, யாருக்குக் குடுக்கிறதுக்கு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் 'பதிவு' என்ற சொல்லுக்கு வயது வந்தவர்களிடம் வேறு அர்த்தம் இருக்கிறது, யுத்த காலத்தில் எத்தனை தரம் எத்தனை பேரிடம் பதிந்தவர்கள். கொழும்பு அலுவலகத்தில் நான் விரலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது போல இவர்களும் போவார்கள் என்று நினைத்தது மடத்தனம். பிறகுதான் உட்கார்ந்து அரைப் பக்கத்தில் தமிழில் எழுதினேன்: மெசின் ரேகையின் படத்தை வைப்பதில்லை, அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை மட்டும் வைக்கிறது, வரவுக்கும் சம்பளத்துக்கும் தவிர வேறெதற்கும் பாவிக்கமாட்டோம், வேலையை விட்டுப் போகிற கிழமையே அழிப்போம், விருப்பமில்லாதவர் கொப்பியில் எழுதலாம். மாமாவும் கையெழுத்து வைத்தார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைரேகை போன்றவை விசேட வகைத் தரவு என்பதையும் அந்த நேரத்தில்தான் தேடி வாசித்தேன். வாங்குவதற்கு முதலே வாசித்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு கிழமை அற்புதம். எல்லோரும் 7.55. மாமாவுக்கு வாயெல்லாம் பல். எனக்குக் கம்பஸில் படித்த ஹோதோர்ன் ஆய்வு ஞாபகம் வந்தது. 1924 முதல் 1932 வரை சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நடந்தது, வெளிச்சத்தைக் கூட்டினாலும் வேலை கூடியது, குறைத்தாலும் கூடியது, தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதே காரணம் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். மாமாவிடம் சொன்னேன், இது நிலைக்காது. நிலைக்கவில்லை, மூன்றாவது கிழமை 8.10, 8.20 என்று பழையபடி வரத் தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு 100 ரூபா வெட்டு என்றார் மாமா. வேலைக்காரன் என்றால் கண் வைக்காவிட்டால் ஏய்ப்பான் என்கிற நம்பிக்கை இருக்கிறதே, டக்ளஸ் மக்கிரகர் 1960இல் அதற்கு எக்ஸ் கோட்பாடு என்று பெயர் வைத்தார், மாமா அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே நாற்பது வருடம் கடைப்பிடித்தவர்.

வெட்டுவதற்கு முதல் ஒரு மாத அறிக்கையை முழுக்கப் பார்ப்போம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பார்த்தால், தொடர்ந்து லேட்டானவர்கள் மூன்று பேர்தான். ஒருத்தி மண்டூர்ப் பிள்ளை. குருமண்வெளித் துறையில் பாதை ஏறி ஆற்றைக் கடந்து வரவேண்டும் (பாதை என்றால் இங்கே ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி இழுக்கிற மிதவை), அது நிரம்பித்தான் வெளிக்கிடும். அவளுக்கு நேரத்தை 8.30 முதல் 5.30 என்று மாற்றினோம், அவ்வளவுதான், அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாள் லேட் இல்லை. இதைக் கண்டுபிடிக்க மெசினே தேவையில்லை, இரண்டு வருடத்தில் யாராவது ஒருத்தர் ஏன் பிள்ளை லேட் என்று கேட்டிருந்தால் போதும், ஏசினார்களே தவிர கேட்கவில்லை. இரண்டாமவர் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவர், அதுவும் அப்படியே சரியாகிவிட்டது.

மூன்றாவது, மேலே சொன்ன மருமகனின் தம்பி. 10.05, 9.50, 10.20. முந்திக் கொப்பியில் 8.00 என்று எழுதும்போது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எழுத்தில் இல்லை. இப்போது எழுத்தில் இருக்கிறது. லேட்டுக்கு வெட்டுவதென்றால் முதலில் இவருக்குத்தான் வெட்டவேண்டும் என்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், தேத்தண்ணி கேட்டார். இரண்டு நாள் அந்தப் பேச்சே இல்லை. மூன்றாவது நாள் காலை 7.45க்கு மாமாவே வந்து மெசினில் விரலை வைத்தார், "தாங்க் யூ" என்று அது சொல்ல, "பரவாயில்லை" என்றார். அன்று முதல் அவருடைய பெயரும் அறிக்கையில் வருகிறது. தம்பியைக் கூப்பிட்டு என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது, அவர் ஒரு மாதம் ஒழுங்காக வந்தார், பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். வெட்டு யோசனையும் அத்தோடு போனது.

இனி வயிற்றில் புளி கரைக்கிற பகுதி. வருகிற நேரத்தைப் பார்க்கத்தானே வாங்கினோம், மெசின் போகிற நேரத்தையும் எழுதுகிறது. ஐந்து மணிக்கு ஒருத்தரும் போகவில்லை. சாமான் லொறி வரும், தட்டு அடுக்கவேண்டும், கல்லா கணக்குப் பார்க்கவேண்டும். 16 பேரில் 11 பேர் நாளுக்குச் சராசரி 40 நிமிடம் கூட நின்றிருந்தார்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது, சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு, அந்த ஓவர் டைமும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. நான் பேப்பரில் போட்டுக் காட்டினேன். ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000, அதை 240ஆல் (30 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம்) பிரித்தால் மணித்தியாலத்துக்கு 125 ரூபா, ஒன்றரை மடங்கு 187 ரூபா 50 சதம். 25 நாள் 40 நிமிடம் என்றால் 16 மணித்தியாலம் 40 நிமிடம், ஆளுக்கு 3,125 ரூபா. 11 பேருக்கு 34,375. அதாவது மெசினின் விலையைவிடக் கூட, ஒவ்வொரு மாதமும், நாங்கள் கொடுக்காமல் வைத்திருந்த காசு. எங்கள் ஆட்களின் சம்பளம் இதைவிடக் கொஞ்சம் கூட, ஆகவே உண்மைத் தொகையும் கூட.

மாமா கெட்டவர் இல்லை. இ.பி.எப்.புக்கு (ஊழியர் சேமலாப நிதி) 12 சதவீதம், இ.டி.எப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் ஒரு மாதமும் தவறாமல் கட்டியவர், கொரோனா காலத்தில் கடை பூட்டிக் கிடந்தபோதும் ஆட்களுக்கு அரிசி பருப்புக் கொடுத்தனுப்பியவர். ஓவர் டைம் என்று ஒன்று நடப்பதாகவே அவர் நினைக்கவில்லை, "நம்மட பிள்ளைகள்தானே, கொஞ்சம் நிண்டு போறாங்க" என்றார். நம்மட பிள்ளைகள் என்ற சொல்லுக்குள் இந்தப் பக்கத்துக் கடைகளில் எவ்வளவு காசு ஒளிந்திருக்கிறது என்று யாராவது கணக்குப் பார்க்கவேண்டும். கடைசியில் என்ன செய்தோம் என்றால், பழையதில் ஆறு மாதத்தை ஒரு கணக்கில் தீபாவளிக்கு முதல் கொடுத்தோம் (நான் கேட்டது அதைவிடக் கூட, மாமா சம்மதித்தது அவ்வளவுதான்), லொறியைப் பின்னேரம் வராமல் பகல் இரண்டு மணிக்கு வரச் சொன்னோம். அந்த ஒரு மாற்றத்தோடு கூட நிற்கிற நேரம் பத்து நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. மிச்சத்துக்குச் சம்பளச் சீட்டில் ஒரு வரி.

மாத முடிவில் ஒவ்வொருத்தருக்கும் அவரவர் நேரத் தாளை மட்டும் அச்சடித்துக் கொடுத்து, பிழை இருந்தால் திருத்தி, பிறகுதான் கையெழுத்து வாங்குகிறேன். முதலில் ஒருத்தரும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்கள். இப்போது மிளகாய்த்தூள் அக்கா என்னோடு ஏழு நிமிடத்துக்குச் சண்டை பிடிக்கிறார், போன மாதம் அவர் சொன்னதுதான் சரி. ஆவணியில் மண்டூர்த் திருவிழாவுக்கு யார் எந்த நாள் லீவு என்பதையும் இந்த வருடம் அவர்களே கூடிப் பேசித் தாளில் எழுதித் தந்தார்கள், முந்தி அது கல்லாவுக்குக் கிட்ட நிற்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

மெசின் பிடிக்காதவையும் உண்டு. ஒரு மேற்பார்வையாளர் சனத்துக்கு முன்னால் பிள்ளைகளை ஏசுவதை அது பதிவதில்லை, அதற்கு நான்தான் அவரோடு தனியக் கதைக்கவேண்டி இருந்தது, இன்னும் முழுக்கச் சரிவரவில்லை. 8.00க்கு விரல் வைத்துவிட்டு எட்டரைவரை போன் பார்ப்பவரையும் அதற்குத் தெரியாது. மாரியில் ரோட்டுக்கு வெள்ளம் ஏறி பஸ் ஓடாத நாளில் எல்லோரையும் லேட் என்று சிவப்பில் காட்டும், கையால்தான் திருத்தவேண்டும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், மெசினுக்கு மூன்று, விற்றவர்களின் சேவைக்கு ஒன்றரை. ஐந்து பேருக்குக் குறைந்த கடை என்றால் வாங்காதீர்கள், கொப்பியில் உண்மையாக எழுதினாலே போதும். ஓவர் டைம் கொடுக்கிற எண்ணம் இல்லாதவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் வாங்காதீர்கள், உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே காசு கொடுத்துச் சுவரில் பூட்டியதாக முடியும்.

நாட்டாமை அண்ணனுக்குப் பிறகு கார்ட் எடுத்துக் கொடுத்தோம், கழுத்தில் போடுகிற நாடாவோடு. மூட்டை தூக்கும்போது இடைஞ்சல் என்று கழற்றி வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுகிறார். "தங்கச்சி, அந்தக் கொப்பியைத் தாங்க" என்பார். எடுத்துக் கொடுக்கிறேன். போன கிழமை 8.07 என்று எழுதியிருந்தார்.