மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமா, என்சிஎஸ் (மத்திய அரசின் இணைய வேலைவாய்ப்புச் சேவை) தளமா?

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் படித்து முடித்த பிள்ளைகள் இரண்டிலுமே பதிவது நல்லது. ஆனால் எது எதற்கு என்று தெரிந்து பதியுங்கள்.

ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட அலுவலகத்தை நடத்துவது மாநில அரசு. 1956 நவம்பரில் இந்த அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது; வேலை தருவோர் காலியிடங்களை இங்கே தெரிவிக்கவேண்டும் என்று சொன்ன 1959-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசு கொண்டுவந்தது. இங்கே பதிவு மூப்புதான், அதாவது எவ்வளவு முன்னால் பதிந்தீர்கள் என்பதுதான் சொத்து. 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். கடலை நம்பிய வீடுகளில் இந்தத் தேதிதான் முதலில் மறந்துபோகிறது; விட்டுவிட்டால் மூப்பும் போய்விடும், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். பதிந்து 5 ஆண்டாகியும் வேலை இல்லாத பட்டதாரிக்கு, வயது, வருமான வரம்புக்குள் இருந்தால், மாநில அரசு மாதம் 600 ரூபாய் தருகிறது. போதாத தொகைதான், இருந்தாலும் விடாதீர்கள்.

2015-இல் மத்திய அரசு தொடங்கிய என்சிஎஸ்ஸில் மூப்புக் கணக்கு இல்லை, கட்டணமும் இல்லை. வெளிமாநிலத் தனியார் வேலைகளைக்கூடக் கைபேசியிலேயே தேடலாம். ஊரைவிட்டுப் போகத் தயாரானவர்களுக்கு இதுவே வசதி.

சரி, அரசு வேலைதான் குறி என்றால்? அலுவலகத்துக்கே போங்கள். போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தரும் தன்னார்வப் பயிலும் வட்டம் அங்கேதான்.