இலை, உப்பு, புட்டி: வேலூர் வீட்டில் எதற்கு எது?

சளி பிடித்தால் பாலாற்றங்கரை வேலியிலிருந்து நொச்சித் தழையை ஒடித்து வந்து வேது (ஆவி) பிடிப்பது எங்கள் ஆயா காலத்து வழக்கம். லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் வாங்கி ஒரு புட்டியில் கலந்து வைப்பது அம்மாவின் வழக்கம். இப்போது சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் பல வீடுகளில் லாவெண்டர், டீ ட்ரீ, பெப்பர்மின்ட், லெமன்கிராஸ் என்று பத்து மில்லி எசென்ஷியல் ஆயில் புட்டிகள் இணையக் கடைகள் வழியாக வந்து இறங்குகின்றன. மூன்று வழக்கங்களும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: செடி தன் இலையிலும் பட்டையிலும் வேரிலும் சேர்த்து வைக்கிற, எளிதில் ஆவியாகும் எண்ணெய். அந்த எண்ணெய் எவ்வளவு செறிவாக நம் கைக்கு வருகிறது என்பதில்தான் இவை வேறுபடுகின்றன. எந்தக் குறைக்கு எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

நூறு கிலோ யூகலிப்டஸ் இலையை நீராவியில் வடித்தால் ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு கிலோ தைலம் கிடைக்கும். 1843-இல் நீலகிரிக்கு வந்து சேர்ந்த இந்த ஆஸ்திரேலிய மரம், நீலகிரித் தைலம் என்ற பெயரில் நம் வீட்டு மாடத்தில் இடம்பிடித்துப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆகவே இது நமக்குப் பழகிய பொருள். பழகிய பொருள் என்பதாலேயே, அது ஒரு கூடை இலையின் சாரம் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். கிராம்பில் எண்ணெய் மிக அதிகம், நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை இருக்கும் என்றாலும், ஒரு மில்லி கிராம்புத் தைலத்துக்கு ஐந்தாறு கிராம் கிராம்பு வேண்டும். அவ்வளவு கிராம்பை ஒரே வாயில் போட்டு மெல்ல யாராலும் முடியாது, ஆனால் ஒரு மில்லி தைலத்தை ஒரு குழந்தை ஒரே மடக்கில் விழுங்கிவிடும்.

முதலில் சளியும் மூக்கடைப்பும். நொச்சி இலை விரல் விரித்த கைபோல மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிந்திருக்கும்; மேற்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மை. இரண்டு கைப்பிடித் தழையைக் கசக்கிக் கொதிநீரில் போட்டால் மிளகும் கற்பூரமும் கலந்தாற்போன்ற வாசம் மெதுவாக எழும். அந்த மெதுவே அதன் பாதுகாப்பு, ஏனென்றால் இலையிலிருந்து எண்ணெய் சிறுகச் சிறுகத்தான் பிரிகிறது. கண் எரியும் அளவுக்கு அது செறிவதில்லை. அதே நீரில் நீலகிரித் தைலத்தை விட்டால் முதல் அரை நிமிடத்திலேயே பெரும்பகுதி ஆவியாகி முகத்தில் அறைகிறது. இரண்டு சொட்டுக்கு மேல் விட்டால் கண்ணைத் திறக்க முடியாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் இறுகவும் கூடும். மூக்கு திறந்ததுபோன்ற உணர்வைத் தருவதில் தைலம் விரைவானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆவி பிடிப்பதால் சளியின் நாட்கள் குறைகின்றன என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. தற்காலிக ஆறுதல்தான் நோக்கம் என்றால், அதற்கு இலையே போதும் என்பது என் தீர்ப்பு. இரண்டிலும் பொதுவான பெரிய ஆபத்து கொதிநீர்ச் சட்டிதான். போர்வைக்குள் மடியில் சட்டியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அடுத்தது அம்மாவின் புட்டி. இதைச் செய்து பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊசி ஊசியான புதினா உப்பு, சற்றுத் தடித்த கண்ணாடித் துண்டுகள் போன்ற ஓம உப்பு, உடைத்த கற்பூரம் ஆகிய மூன்றையும் சம அளவில் போட்டு மூடி வைத்தால், ஒரு துளி நீரோ நெருப்போ இல்லாமல், ஓரங்கள் முதலில் நனைந்து, கட்டிகள் கரைந்து, சிறிது நேரத்தில் புட்டி முழுவதும் தெளிந்த நீர்மமாகிவிடும். தனித்தனியே திடப்பொருளாக இருக்கும் இவை ஒன்றோடொன்று கலக்கும்போது உருகுநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிடுவதுதான் காரணம். புதினா உப்பு என்பது மென்தால், ஓம உப்பு என்பது தைமால். எனவே 'நாட்டு மருந்து' என்ற பெயரில் நம் வீட்டில் நெடுநாளாக இருப்பதும் செறிவூட்டிய எசென்ஷியல் ஆயிலின் உறவுதான். புதிய புட்டிக்கு எச்சரிக்கை வேண்டும் என்றால் பழைய புட்டிக்கும் அதே எச்சரிக்கை வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குடியாத்தத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவளுடைய பதினொரு மாதக் குழந்தைக்கு மூக்கடைப்பு. "ஒரே ஒரு சொட்டுதானே, ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லி, இந்தக் கலவையை விரல்நுனியில் தொட்டுக் குழந்தையின் மூக்குக்குக் கீழே தடவியது நான்தான். குழந்தை மூச்சை இழுத்தது, விடவில்லை, முகம் கறுத்தது. முதுகைத் தட்டி, முகத்தைத் துடைத்து, அழுகை திரும்பி வருவதற்குள் கழிந்த சில நொடிகளை நான் இன்னும் மறக்கவில்லை. மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் ஆகியவற்றின் காரம் கைக்குழந்தையின் மூக்கில் பட்டால் மூச்சே நின்றுபோகும் அனிச்சைச் செயல் ஏற்படலாம் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மார்பில் தடவும் கற்பூரக் களிம்புகளையும் பயன்படுத்தக் கூடாது. கடைகளில் விற்கும் களிம்புகளிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. அந்த வயதில் மூக்கடைப்புக்குச் சரியானது மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டுதான். விழுங்கிவிட்டாலோ இன்னும் மோசம்: ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த யூகலிப்டஸ் தைலமோ, பூஜை அறைத் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்ட ஒன்றிரண்டு கற்பூர வில்லைகளோ குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கிவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கொசு விஷயத்தில் இலையும் புதிய புட்டியும் பெரிய வாக்குறுதி தருகின்றன, இரண்டும் ஏறக்குறைய ஏமாற்றுகின்றன. நொச்சிச் செடியை வாசலில் வளர்த்தால் கொசு வராது என்ற நம்பிக்கையில் சென்னை மாநகராட்சி நொச்சிக் கன்றுகளை விநியோகித்ததுண்டு. ஆனால் எண்ணெய் இலைக்குள் அடைபட்டிருக்கும். கசக்கினாலோ எரித்தாலோதான் வெளியே வரும். நொச்சிப் புகை கொசுவைக் கொஞ்சம் விரட்டும், கூடவே நம் நுரையீரலையும் வாட்டும். சிட்ரோனெல்லா, லெமன்கிராஸ் எண்ணெய்கள் வாசமாக இருக்கும் வரைதான் வேலை செய்யும். 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சிட்ரோனெல்லா கலந்த பூச்சுகள் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. டீட் (DEET) என்ற செயற்கைக் கொசுவிரட்டி ஏறக்குறைய 24 சதவீதம் கலந்த பூச்சு ஐந்து மணி நேரம் காத்தது. தாவரத்திலிருந்து வந்ததே வேண்டும் என்பவர்கள், எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெயைப் பதப்படுத்திச் செய்யும் விரட்டியைத் தேடலாம். அதன் பாதுகாப்பு மணிக்கணக்கில் நீடிக்கும், ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆகாது. நம் வீட்டு நீலகிரித் தைலம் அதற்கு மாற்றும் ஆகாது. இவை எல்லாவற்றையும்விட, குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள் வரும் நம் தெருக்களில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிற நீரே டெங்கு கொசுவின் தொட்டில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வைப்பது எந்தப் புட்டியையும்விட நல்ல கொசு மருந்து.

தலைவலியில் புதிய புட்டி உண்மையாகவே வெல்கிறது. 1996-இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வொன்றில், பதற்றத்தால் வரும் தலைவலிக்கு நெற்றியில் தடவிய பத்து சதவீதப் பெப்பர்மின்ட் கரைசல், ஆயிரம் மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு ஈடாக நின்றது. சுக்குப் பற்றின் சூடு எனக்கும் பிடிக்கும், ஆனால் அரைத்து, காய்ச்சி, காய விட்டுக் கழுவ வேண்டும். அலுவலக நாளின் நடுவே அது நடக்காது. பெப்பர்மின்ட் எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து கண்ணுக்கு எட்டாமல் நெற்றிப்பொட்டில் தடவுவது போதும்.

பல்வலிக்குப் பல்லிடுக்கில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வதும், பஞ்சில் நனைத்த ஒரு சொட்டுக் கிராம்புத் தைலமும் வலியை மரக்கச் செய்யும் ஒரே பொருளைத்தான், யூஜினாலைத்தான், தருகின்றன. தைலம் ஈறில் பட்டால் புண்ணாகும், கிராம்பு அவ்வளவு சுடாது. இரண்டும் ஓர் இரவுக்கு மட்டுமே. சொத்தை சொத்தையாகவே இருக்கும். முகப்பருவுக்கு ஐந்து சதவீத டீ ட்ரீ ஜெல் பயன்படும் என்பதற்கு ஆதாரம் உண்டு, ஆனால் விரைவில் ஆறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. புட்டியிலிருந்து அப்படியே தடவினால் தோல் சிவந்து உரியும். பொதுவான அளவு இதுதான்: முப்பது மில்லி தேங்காய் அல்லது நல்லெண்ணெயில் பன்னிரண்டு சொட்டு, அதாவது இரண்டு சதவீதம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

தூக்கத்துக்கு லாவெண்டர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாசம் மனத்தைச் சற்றுத் தணிக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வெயிலூர் என்றே பெயர் வாங்கிய இந்த ஊரில், அக்கினி நட்சத்திரத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில், நம் தூக்கத்தைக் கெடுப்பது இரவெல்லாம் சூட்டைக் கக்கும் மாடித் தளம். அடைத்த அறையில் டிஃப்யூசர் (எண்ணெயை நீரோடு பனிபோல் தூவும் கருவி) விடுகிற ஈரம் புழுக்கத்தைத்தான் கூட்டும். சன்னலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நீர் தெளித்தால், நம் ஊரின் வறண்ட காற்றில் நீர் விரைந்து ஆவியாகும்போது அறை உண்மையாகவே குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியோடு வேரின் மண்வாசமும் சேர்ந்து வருகிறது. இந்த ஒப்பீட்டில் எனக்குத் தயக்கமே இல்லை. டிஃப்யூசர் வைத்தே தீர வேண்டும் என்றால், சன்னலைத் திறந்து அரைமணி நேரத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீயை அறவே தவிருங்கள், அதன் ஈரலால் இந்தப் பொருள்களைச் சரிவரச் செரித்து வெளியேற்ற முடியாது.

வாங்குவதிலும் ஓர் எளிய சோதனை உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு யூகலிப்டஸோ லெமன்கிராஸோ விட்டு மறுநாள் பாருங்கள். சுத்தமானதாக இருந்தால் தாளில் எண்ணெய்க் கறை ஏறக்குறைய மிஞ்சாது, சமையல் எண்ணெய் கலந்திருந்தால் பஜ்ஜி மடித்த தாள்போல ஒளி ஊடுருவும் வட்டம் நிற்கும். சந்தனம், வெட்டிவேர் போன்ற கனத்த எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை செல்லாது. ஜவ்வாது மலைச் சந்தனத்தையும் திருப்பத்தூர் அரசுக் கிடங்கில் நடக்கும் ஏலத்தையும் அறிந்த நம் பகுதிக்காரர்களுக்குச் சந்தனத்தின் விலையை நான் சொல்ல வேண்டியதில்லை. நூறு ரூபாய்ப் புட்டியில் 'சுத்தச் சந்தன எண்ணெய்' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது வேறு ஏதோ வாசனைத் திரவியம்.

சேமிப்பில் வேலூர் வெப்பம் புட்டிக்கு நேர் எதிரி. டீ ட்ரீ, லாவெண்டர், எலுமிச்சை வகை எண்ணெய்கள் சூட்டிலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, முன்பு ஒத்துக்கொண்ட தோலிலேயே அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் பொருளாக மாறுகின்றன. காய்ந்த நொச்சியோ பழைய கிராம்போ வீரியம் இழக்குமே தவிர இப்படி மாறுவதில்லை. அதனால் என் வீட்டில் இப்போது பெப்பர்மின்ட், நீலகிரித் தைலம் என்று இரண்டே புட்டிகள், பழுப்புக் கண்ணாடியில், திறந்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டி, மேல் அலமாரியில் பூட்டுக்குள் இருக்கின்றன. அம்மாவின் உப்புக் கலவையும் அவற்றின் பக்கத்திலேயே. நொச்சிக் கன்று ஒன்று கொல்லை வேலியோரம் வேர் பிடித்திருக்கிறது.