பள்ளிப் பிள்ளைகளுக்கான குறும்படப் போட்டிகள்: மூன்றுக்கு அனுப்பினோம், மறுபடி போவதென்றால் ஒன்றுக்குத்தான்

எங்கள் படம் 5 நிமிஷம் 12 நொடி. போட்டியின் வரம்பு 5 நிமிஷம். கடைசியில் பெயர்கள் ஓடுவதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று பிள்ளைகள் அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள், நானும் விதிமுறையை முழுசாகப் படிக்காமல் தலையாட்டியிருந்தேன். கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி ஒரு பெண் ஃபோன் செய்தாள். "மிஸ், எண்ட் டைட்டிலும் சேர்த்துத்தானாம் மிஸ்." இயக்குநருக்கு, அவனுக்கு வயசு பதினாறு, ஒரே கோபம். "ஆஸ்கரிலேயே 40 நிமிஷம் வரைக்கும் குறும்படம்தான், இவங்க 12 நொடிக்கு அழறாங்க" என்றான். ஆஸ்கரின் அந்த 40 நிமிஷமும் டைட்டில் எல்லாம் சேர்த்துத்தான் என்று அந்த நேரத்தில் அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கறுப்புத் திரையில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்த பெயர்களைத் தூக்கிக் கடைசி ஷாட்டின் மேலேயே ஓடவிட்டோம், ஆறே நொடியில் பதினோரு பெயர். மாப் குச்சியின் நுனியில் காலர் மைக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் கை வலிக்க நின்றவனின் பெயர் கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது.

பள்ளியின் சினிமா மன்றத்தை நாலு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஒரே படத்தைத்தான் மூன்று போட்டிகளுக்கு அனுப்பினோம். கதை இதுதான்: பரீட்சை அறையின் சுவர்க் கடிகாரத்தை ஒரு பையன் ஐந்து நிமிஷம் பின்னால் தள்ளி வைத்துவிடுகிறான், எல்லோருக்கும் ஐந்து நிமிஷம் கூடக் கிடைக்கும் என்று நினைத்து. ஃபோனில் எடுத்த படம், டவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் எடிட்டிங். ஒரே படம் மூன்று இடத்துக்குப் போனதால் எந்தப் போட்டி எப்படி என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களைச் சொல்லப் போவதில்லை, வகையைச் சொன்னால் போதும், உங்களுக்கு வரும் போஸ்டர்களும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, ஒரு நிறுவனம் தலைப்புக் கொடுத்து நடத்திய போட்டி. நேரத்தைப் பற்றித் தலைப்பு, எங்கள் கதை அப்படியே பொருந்திற்று. போஸ்டரில் பரிசுத் தொகை பெரிய எழுத்தில் இருந்தது, நடுவர்கள் யார் என்று ஒரு வரிகூட இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படத்தை அப்லோட் செய்த பிறகுதான் பாதி மதிப்பெண் இணைய ஓட்டுக்கு என்று தெரிந்தது. அப்புறம் பதினைந்து நாள் எங்கள் பிள்ளைகள் சினிமாவை மறந்துவிட்டு அத்தை, சித்தப்பா, அத்தையின் அலுவலகக்காரர்கள் என்று ஒருவர் விடாமல் லிங்க் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தது அசையாத ஃபோட்டோக்களை அடுக்கிப் பாட்டுப் போட்ட ஒன்று. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் உரிமைப் பத்தி. படத்தை அனுப்பினாலே, ஜெயித்தாலும் தோற்றாலும், அதை எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வெட்டி ஒட்டித் தங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது, அது முடிகிற இடத்தில் "திரும்பப் பெற முடியாத" என்ற சொல். திரையிடவும் போட்டியை அறிவிக்கவும் மட்டும் அனுமதி கேட்பது வேறு, அது எல்லா விழாவும் கேட்பதுதான், கொடுக்கலாம். காலவரம்பில்லாமல் எல்லாவற்றையும் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெற்றோர் கையெழுத்துதான் கேட்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் யாரும் அந்தப் பத்தியைப் படித்திருக்க மாட்டார்கள், டூர் படிவத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி போட்டுக் கொடுத்திருப்பார்கள். மொத்தத்தில் கையில் கிடைத்தது ஒரு பிடிஎஃப் சான்றிதழ், அதிலும் இயக்குநர் பெயரில் ஓர் எழுத்து இல்லை. 5க்கு 1. அந்த ஒன்றும் எண்ட் டைட்டில் பாடத்துக்காக.

இரண்டாவது, இணையதளம் வழியாக அனுப்பும் "சர்வதேச" விழா. முன்பெல்லாம் இப்படி விண்ணப்பிக்க வித்தவுட்டாபாக்ஸ் என்று ஒன்று இருந்தது, 2019ல் மூடிவிட்டார்கள். இப்போது பலரும் பயன்படுத்துவது 2014ல் வந்த ஃபிலிம்ஃப்ரீவே. ஒரு தடவை படத்தையும் விவரத்தையும் ஏற்றி வைத்துவிட்டால் அதையே பல விழாக்களுக்கு அனுப்பலாம், அந்த வசதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாதிரித் தளங்களில் நல்ல விழாவும் இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே பெயருக்கு ஒரு விழாவும் இருக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முன்கூட்டி அனுப்பினால் ஒரு கட்டணம், கடைசித் தேதிக்கு வேறு, தாமதமானால் இன்னும் கூட என்று படிப்படியாக ஏறும். பள்ளிப் பிரிவுக்குக் குறைத்து வாங்குகிறவர்களும் உண்டு, வாங்காதவர்களும் உண்டு, தேடிப் பாருங்கள்.

நாங்கள் மாட்டிக்கொண்டது மாசாமாசம் "விருது" கொடுக்கிற ஒன்றில். பத்து நாளில் மெயில் வந்தது: "வாழ்த்துகள், உங்கள் படம் தேர்வாகியுள்ளது." மன்ற அறையில் ஒரே கூச்சல். இரண்டு பக்கமும் இலை வளைந்த அந்தச் சின்னத்தைப் போஸ்டரில் ஒட்டி ஆளுக்கொரு ஸ்டேட்டஸ் வைத்தார்கள். எங்கே, எப்போது திரையிடுவீர்கள் என்று நான் பதில் போட்டேன். திரையிடல் கிடையாதாம், ஆனால் கேடயம் வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாமாம். பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொன்னபோது அந்த ஃபோன் பெண் மட்டும் கேட்டாள், "அப்போ படத்தை அவங்க பார்த்தாங்களா இல்லையா மிஸ்?" தளத்தில் எங்கள் படத்தின் லிங்க்கை எத்தனை முறை ஓட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தோம். பூஜ்யம். மதிப்பெண்ணும் அதேதான்.

அந்தக் கேள்வியைத்தான் இப்போதெல்லாம் எந்தப் போட்டி வந்தாலும் முதலில் கேட்கிறேன். படத்தை யாராவது பார்ப்பார்களா, பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார்களா. மற்றதெல்லாம் அப்புறம்.

மூன்றாவது போட்டியின் போஸ்டர் சுமார்தான், சாதாரணமாக அடித்திருந்தார்கள். பரிசு என்று சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை. ஆனால் விதிமுறை இரண்டே பக்கம், இரண்டையும் ஒரு மனுஷன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்று தெரிந்தது. பின்னணி இசைக்கு அனுமதி எங்கே வாங்கினீர்கள் என்று தனிப் படிவம். எங்கள் இசைப் பொறுப்பாளர் அசால்ட்டாக "பீத்தோவன் மிஸ், செத்து இருநூறு வருஷம் ஆகப் போகுது" என்றான். 1827ல் அவர் போய்விட்டார், அவருடைய இசைக்கோர்வைக்கு இப்போது உரிமை கேட்க ஆளில்லை, அது சரி. ஆனால் இவன் எடுத்து வைத்திருந்தது ஒரு இசைக்குழு சில வருஷத்துக்கு முன்னால் வாசித்துப் பதிவு செய்தது, அந்தப் பதிவுக்கு உரிமைக்காரர் இருக்கிறார். கடைசியில் அவனே கீபோர்டில் ஒரு கையால் வாசித்து அதைப் போட்டோம். முன்பைவிட அது நன்றாக இருந்தது, பரீட்சை அறைக்கு ஒரு கை வாசிப்பே போதும்.

படத்தை வாங்கிய மூன்றாம் நாள் அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டார். "இரண்டாவது நிமிஷத்துக்கு அப்புறம் வாயசைப்பும் சத்தமும் விலகுது, பெரிய திரையில் அசிங்கமாகத் தெரியும், சரி பண்ணி அனுப்ப முடியுமா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஃபோன் கேமரா பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஃப்ரேம் பிடிப்பதில்லை, வெளிச்சத்தைப் பொறுத்துக் கூட்டியும் குறைத்தும் பிடிக்கும். தனியாகப் பதிவு செய்த சத்தத்தை அதோடு சேர்த்தால் ஆரம்பத்தில் பொருந்தும், போகப் போக நழுவும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கை ஆரம்பிக்க வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். முந்தின இரண்டு போட்டிகளுக்கும் போனது இதே விலகலோடுதான், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

திரையிடலுக்கு முப்பது பேர் இருந்திருப்பார்கள், பாதிப் பேர் மற்ற படங்களை எடுத்த பிள்ளைகள். நாற்காலிகள் மோசம், முதல் படத்துக்கு இடது ஸ்பீக்கரில் மட்டும்தான் சத்தம் வந்தது, நிகழ்ச்சி ஆரம்பித்ததே முக்கால் மணி நேரம் கழித்து. இதெல்லாம் குறைதான். ஆனால் எங்கள் படத்தில் பையன் நாற்காலி மேல் ஏறிக் கடிகாரத்தைத் தொடும் இடத்தில் யாரோ "டேய் வேணாம்டா" என்று இருட்டில் சொன்னது கேட்டது. இயக்குநர் என் பக்கம் திரும்பிய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் சிரிப்பு வரும் என்று நினைத்து வைத்த வசனத்துக்கு ஒரு சத்தமும் இல்லை, அதையும் எல்லோரும் சேர்ந்துதான் கேட்டார்கள், அந்த நிசப்தத்தை.

நடுவர் குழுவில் இரண்டு பேர் பெரியவர்கள், மூன்று பேர் பிள்ளைகளே. இத்தாலியில் 1971லிருந்து நடக்கும் ஜிஃபோனி விழா சிறுவர்களையே நடுவர்களாக வைப்பதற்குப் பேர்போனது, அங்கிருந்து வந்த யோசனையா என்று நான் கேட்கவில்லை. பிள்ளை நடுவர்கள் பெரியவர்களைவிடக் கடுமை. எங்கள் குறிப்புத் தாளில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "கடிகாரத்தை முதல் நிமிஷத்திலேயே காட்டிவிட்டீர்கள், எங்களுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி மூன்று தடவை எதற்கு?" பெரியவர் ஒருவர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார், அதில் பாதி ஒலியைப் பற்றி. பரிசு எங்களுக்கு இல்லை. கொடுத்த படத்தை நானே தேர்ந்தெடுத்திருப்பேன். 5க்கு 4, ஒன்று ஸ்பீக்கருக்குக் கழித்தது.

இன்னும் சில விஷயம், கேட்கிறவர்களுக்காக. படத்தைப் பொதுவில் யூடியூபில் போட்டுவிட்டால் சில விழாக்கள் எடுப்பதில்லை, முடிவு வரும்வரை பாஸ்வேர்டு போட்ட லிங்க்காக வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ எங்கே பயன்படுத்தினீர்கள் என்று சில போட்டிகள் இப்போது கேட்கின்றன, மறைக்க வேண்டாம். ஆவணப்படம் என்றால் அமெரிக்காவின் சி-ஸ்பான் தொலைக்காட்சி அங்குள்ள மாணவர்களுக்காக நடத்தும் ஸ்டூடண்ட்கேம் போட்டியின் விதிகளைச் சும்மாவாவது படித்துப் பாருங்கள், மாறுபட்ட கருத்தும் படத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே கேட்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு வாத்தியார் சொன்னால் கேட்காத விஷயம் அது. 48 மணி நேரத்தில் எழுதி எடுத்து முடிக்கும் வகைப் போட்டி ஜாலிதான், ஆனால் முதல் படத்துக்கு வேண்டாம், தூக்கம் கெட்டுச் சண்டையில் முடியும்.

அந்தப் பெண்ணின் குறிப்பைப் படித்துவிட்டு இயக்குநர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று கடிகார ஷாட்டையும், சிரிப்பு வராத அந்த வசனத்தையும் எடுத்திருந்தான். படம் 4 நிமிஷம் 38 நொடிக்கு வந்துவிட்டது. மிச்சமான 22 நொடியில் பெயர்களை மறுபடி கறுப்புத் திரைக்குக் கொண்டுபோய்விட்டான், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். மாப் குச்சிக்காரன் பெயர் தனியாக இரண்டு நொடி நிற்கிறது, அவனே ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்துவிட்டான்.