வருமுன் சுடுவதா, வந்தபின் சுடுவதா? தீபாவளிப் பலகாரக் கணக்கு

தீபாவளிக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரப்போகிற வீட்டில், என்ன பலகாரம் என்பது பெரிய கேள்வியே இல்லை. முறுக்கு, அதிரசம், ஏதாவது ஒரு லட்டு, தீபாவளி மருந்து என்று வருஷா வருஷம் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். இழுபறி எல்லாம் எப்போது செய்வது என்பதில். ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் சுட்டு டின்னில் போட்டு மூடிவிட்டால் நிம்மதி என்று பாட்டி நினைப்பார். "நாங்க வந்து பாத்துக்கறோம்மா, நீ தனியா அடுப்புகிட்ட நிக்காதே" என்று மகள் போனில் சொல்வாள். இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி நடக்காது.

எல்லாவற்றையும் வந்தபின் செய்யலாம் என்கிற திட்டம் அதிரசத்திலேயே உடைந்துவிடும். அந்த மாவு குறைந்தது இரண்டு நாள் கிடக்க வேண்டும். ஊரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தீபாவளிக்கு முதல் நாள் காலைதான் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள். மறுநாள் விடியுமுன் எண்ணெய்க் குளியல். நடுவில் இருக்கிற ஒரு பகலில் சமையலும் நடக்க வேண்டும், துணி எடுக்கப் போகவும் வேண்டும், இரண்டே பர்னரில் பலகாரமும் ஆக வேண்டும். எல்லாவற்றையும் முன்பே முடிப்பதில் வேறு சங்கடம். ஐப்பசி மழைக்காலம், காற்றில் ஈரம் நிற்கும். பத்து நாள் முன்பு சுட்ட முறுக்கு, பேரன் வாயில் வைக்கும்போது நமத்திருந்தால் அத்தனை உழைப்பும் வீண். வயதானவர் தனியாகக் கொதிக்கும் எண்ணெய் முன்னால் மூன்று மணி நேரம் நிற்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முறுக்கு: உலர்மாவா, ஈரமாவா?

முறுக்கில் மாவு எது என்று முடிவு செய்துவிட்டால், நாள் தானாக முடிவாகிவிடும்.

உலர்மாவு என்பது பச்சரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி, வறுத்த உளுந்தோடு மில்லில் அரைப்பது. தேன்குழலுக்கு அரிசி 4 டம்ளர் என்றால் உளுந்து 1 டம்ளர். உளுந்து லேசாகச் சிவந்து வாசம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். கருகினால் முறுக்கே கசக்கும். உளுந்து கூடினால் நிறம் சிவந்து மொறுமொறுப்பு குறையும். குறைந்தால் கடிக்க முடியாத அளவுக்குக் கட்டியாகும். இந்த அளவுக்கு வெண்ணெய் 50 முதல் 60 கிராம் போதும். "கொஞ்சம் கூடப் போட்டா கரகரன்னு இருக்கும்" என்று அள்ளிப் போட்டால், பிழிந்த முறுக்கு எண்ணெயில் உதிர்ந்து பொரிப்பொரியாக மிதக்கும். அப்படி ஆகிவிட்டால் பதறாமல், பிசைந்த மாவில் வெண்ணெய் சேர்க்காத அரிசி மாவை ஒரு கைப்பிடி சேர்த்துப் பிசைந்தால் நின்றுவிடும்.

ஈரமாவு என்பது இட்லி அரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, கிரைண்டரில் தண்ணீரை ஒட்டி ஒட்டி விட்டுக் கெட்டியாக அரைத்து, பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசைவது. அரிசி 4 டம்ளருக்குப் பொட்டுக்கடலை மாவு 1 முதல் 1½ டம்ளர். மிளகாயும் பூண்டும் அரிசியோடு சேர்த்தே அரைக்கலாம். சுவையில் இதுதான் ஒரு படி மேல் என்பது என் கட்சி. வாயில் போட்டால் கரையும். பல் ஆடுகிற தாத்தாவும் சாப்பிடலாம். ஆனால் இதற்கு இரண்டு குறை. அரைக்கும்போது தண்ணீர் ஒரு கரண்டி கூடினாலும் மாவு தளர்ந்து, முறுக்கு எண்ணெய் குடிக்கும். இன்னொன்று, உலர்மாவு முறுக்கு மூன்று வாரம் தாங்குகிற டின்னில் இது இரண்டு வாரம் தாங்கினால் அதிகம்.

ஆகவே தனியாக, முன்கூட்டிச் செய்கிற பாட்டிக்கு உலர்மாவுதான். அதிலும் புரட்டாசி வெயில் இருக்கும்போதே மாவை அரைத்து வைத்துவிடுவது புத்திசாலித்தனம். ஐப்பசியில் அரிசியை ஃபேனுக்கு அடியில் விரித்துக் காயவைத்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். மில் இயந்திரத்தில் அடைத்துக்கொள்ளும். தீபாவளிக்கு முந்தின வாரம் மில்லில் கூட்டமும் தாங்காது. யாருக்கோ மிளகாய்த்தூள் அரைத்த கையோடு நம் மாவைக் கொட்டினால் தேன்குழல் சிவந்த காரமுறுக்கு ஆகிவிடும். அரிசி அரைத்தவருக்கு அடுத்த ஆளாக நிற்பது ஒன்றே வழி. அரைத்து வந்ததும் தாளில் பரப்பி, சூடு ஆறிய பின் சலித்து டின்னில் போட வேண்டும். சலிக்காத உளுந்துக் குருணை ஒன்றே ஒன்று அச்சில் சிக்கினால் போதும், பிழிகிற கை செத்துவிடும்.

கையைப் பற்றிச் சொல்லும்போது முறுக்கு பிழிகிற நாழியையும் சொல்ல வேண்டும். இரண்டு கைப்பிடியை அழுத்துகிற பித்தளை அல்லது மர நாழி வேகமானது. ஆனால் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். மேலே திருகுகிற எவர்சில்வர் நாழியில் நேரம் ஆகும், வலி குறைவு. அறுபதைத் தாண்டியவர்களுக்குத் திருகு நாழியே நல்லது. எதுவானாலும் முக்கால் அளவுதான் மாவு நிரப்ப வேண்டும். முழுக்க அடைத்தால் மேல்பக்கமாகப் பிதுங்கும்.

பிசைவதில் எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. மொத்த மாவையும் ஒரே தடவையில் தண்ணீர் விட்டுப் பிசைந்து வைத்தால், கடைசி ஈடு எடுக்கும்போது மாவு புளிப்பேறி முறுக்கு சிவக்கும். வெண்ணெய், உப்பு, எள், பெருங்காயம் எல்லாம் உலர்மாவில் கலந்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று ஈட்டுக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். பிழியும்போது சுற்று அங்கங்கே அறுந்தால் தண்ணீர் போதவில்லை. அறாமல் வந்து, ஆனால் முள் மடிந்து வழவழப்பாகப் படுத்துவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது. எண்ணெயில் கடுகளவு மாவைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும். போட்டதுமே சிவந்தால் சூடு அதிகம். முறுக்கைப் போட்டதும் நுரை பொங்கிச் சலசலக்கும். மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிற சத்தம் அது. சலசலப்பு நன்றாக அடங்கிய பிறகே எடுக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து முன்னமே எடுத்தால், உள்ளே நின்ற ஈரம் மூன்றாம் நாள் நமத்தலாக வெளியே வரும்.

ஈரமாவு முறுக்கைப் பிள்ளைகள் வந்த அன்று மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். அரிசியைக் காலையிலேயே ஊறப்போட்டால் போதும். பிழிய ஆள் இருக்கிறது, சுடச்சுடத் தின்னவும் ஆள் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் தாங்களும் பிழிவோம் என்று நிற்பார்கள். அவர்களை எண்ணெய்க்கு நேராகப் பிழியவிடாமல், தரையில் உட்கார்ந்து எண்ணெய் தடவிய கரண்டியின் முதுகிலோ வாழையிலைத் துண்டிலோ பிழியச் சொல்லலாம். எடுத்துப் போடுவது பெரியவர் வேலை.

பாக்கெட் மாவும் உண்டு. அவசரத்துக்கு உதவும், உப்பும் காரமும் கம்பெனி வைத்ததுதான். அதில் வெண்ணெய் மட்டும் கவனமாகச் சேர்த்தால் மோசம் போகாது.

அதிரசம்: இதில் பேரம் இல்லை

மாவை முன்கூட்டிப் பிடிப்பது, சுடுவதை வந்தபின் வைத்துக்கொள்வது. அதிரசத்துக்கு இந்தப் பிரிவினை அமைந்தாற்போல் வேறெதற்கும் அமையாது. முன்பே சுட்டு வைத்தாலும் பத்து நாள் இருக்கும், ஆனால் நாளாக நாளாக இறுகும். மாவாக இருந்தால் வெளியிலேயே ஒரு வாரம் தாங்கும். நாளாக ஆக ருசி ஏறும்.

மாவு பச்சரிசி 1 கிலோவுக்குப் பாகு வெல்லம் 750 கிராம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலாகப் பரப்ப வேண்டும். கையில் எடுத்தால் ஈரம் தெரியணும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அதுதான் அரைக்கும் நேரம். முழுக்கக் காய்ந்த மாவில் அதிரசம் வராது, கடையில் விற்கிற உலர்ந்த அரிசி மாவில் சுத்தமாக வராது. ஈரப்பதத்தோடு அரைத்த மாவுதான் பாகை இழுத்துக்கொண்டு மிருதுவாக நிற்கும்.

மற்றதெல்லாம் பாகில் இருக்கிறது. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி மண் நீக்கி, கொதிக்கவிட வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். ஒரு சொட்டுப் பாகை அதில் விட்டு விரலால் கூட்டினால், முதலில் கரைந்து ஓடும். பிறகு இழையாக நிற்கும். அப்புறம் மெத்தென்று உருண்டு வரும். அந்த உருண்டை அமுக்கினால் நசுங்க வேண்டும். அந்த நொடியில் அடுப்பை அணைக்க வேண்டும். இன்னும் ஒரு நிமிஷம் விட்டு, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வருகிற பதத்துக்குப் போய்விட்டால் அது கடலை உருண்டைக்கான பாகு; அதிரசம் கல்லாகிவிடும். இறக்கி ஏலக்காய், சுக்குப் பொடி போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். மாவில் இரண்டு கைப்பிடி தனியாக எடுத்து வைப்பது அவசியம். பாகு சற்று இளகலாக வந்திருந்தால் மொத்தமும் வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். சூட்டில் மாவு தளர்வாக, கரண்டியிலிருந்து மெதுவாக வழிகிற மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மாவைக் கொட்டுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் கெடுக்கிற இடம். ராத்திரி ஆறினால் தானே இறுகும். மேலே நெய் தடவி மூடி வைத்துவிட வேண்டும்.

சுடுகிற அன்று முதலில் ஒன்றே ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெயில் பிரிந்து கரைந்தால் பாகு பதம் போதவில்லை; எடுத்து வைத்த அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் விடலாம். தட்டும்போதே ஓரம் வெடித்தால் மாவு காய்ந்திருக்கிறது. வெதுவெதுப்பான பாலைத் தெளித்துப் பிசையலாம். பால் சேர்த்ததை மட்டும் அன்றைக்கே சுட்டுவிட வேண்டும், வைத்தால் கெட்டுவிடும். தீ மிதமாகவே இருக்கட்டும். வெல்லம் சீக்கிரம் கருகும். எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிந்துவிட வேண்டும். இந்த அழுத்தும் வேலைக்கு ஒரு ஆளைத் தனியாக நிறுத்தினால் சுடுபவருக்குப் பாதிப் பாரம் குறையும். தனியாகச் செய்கிற பாட்டி திணறுவதும் இங்கேதான்.

கேதார கௌரி நோன்பு இருக்கிற வீடுகளில் இதற்கு இன்னொரு கணக்கு உண்டு. 21 அதிரசம் படைக்கிற வழக்கம் உள்ளவர்கள், அதற்கான மாவை முதலிலேயே தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்து, புது எண்ணெயில் சுட்டுவிட வேண்டும். படைக்கும்வரை யாரும் தொடக் கூடாது. நாலு வயதுக் குழந்தைக்கு அது புரியாது. அதன் கைக்குக் கொடுக்க மாலாடு தயாராக இருக்கட்டும்.

இனிப்பு: மைசூர்பாகை விட்டுவிடலாம்

பாட்டி தனியாக இருக்கும்போது மைசூர்பாகு வேண்டவே வேண்டாம். கை ஓயாமல் கிளற வேண்டும், சூடான நெய்யை இன்னொரு கையால் ஊற்ற வேண்டும், இறக்குகிற நேரம் அரை நிமிஷம் தப்பினால் பொடியாகும் அல்லது கல்லாகும். ஆசை விடவில்லை என்றால் மகன் வந்தபின் அவன் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பதம் சொல்லலாம்.

மாலாடு நேர்மாறு. பொட்டுக்கடலை 2 டம்ளர், சர்க்கரை 1½ டம்ளர், இரண்டையும் தனித்தனியாகப் பொடித்துச் சலித்து, ஏலக்காய் சேர்த்து, முக்கால் டம்ளர் நெய்யைக் காய்ச்சிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிடித்தால் முடிந்தது. பாகு இல்லை, பதம் இல்லை. உருண்டை பிடிக்கும்போது உதிர்ந்தால் நெய் ஆறிவிட்டது என்று அர்த்தம். அளவைக் கூட்டுமுன் சூட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ரவா லட்டும் இதே வகைதான். ரவையைப் பொறுமையாக வறுக்க வேண்டும், அவ்வளவே. தேங்காய் சேர்த்தால் ருசி கூடும், ஆயுள் மூன்று நாலு நாளாகக் குறையும். முன்கூட்டிச் செய்வதானால் தேங்காயைத் தவிர்க்க வேண்டும்.

வடை, சுழியம், பஜ்ஜி எல்லாம் அன்றன்றைக்குத்தான். தீபாவளி மருந்தைச் சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம் போட்டு நெய் பிரிய நன்றாகச் சுருளக் கிளறி இறக்கி, ஆறியபின் தேன் கலந்து வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். முதலில் செய்து முடிக்க வேண்டியதே அதுதான். அத்தனை பலகாரத்தையும் செரிக்க வைக்கப் போவது அந்தக் கிண்ணம்.

டின்னும் பார்சலும்

சூடு முழுக்க ஆறாமல் மூடினால் மூடியின் உட்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீர் முறுக்கு மேலேயே சொட்டும். முறுக்கையும் அதிரசத்தையும் ஒரே டின்னில் போடக் கூடாது. வெல்லத்தின் ஈரம் முறுக்குக்கு ஏறும். தினம் தின்ன ஒரு சின்ன டப்பா, மற்றது பெரிய டின்னில் திறக்காமல். குழந்தைகள் இருக்கிற வீட்டில் பெரிய டின் பத்து தடவை திறந்து மூடப்பட்டால் மழைக்காற்று தன் வேலையைக் காட்டிவிடும்.

ஊருக்குக் கொடுத்தனுப்ப உலர்மாவு முறுக்கும் அதிரசமும் ஏற்றவை. தேன்குழல் பஸ்ஸில் நொறுங்கும் என்று தெரிந்தால், பார்சலுக்கான ஈட்டைச் சின்னச் சுற்றாகப் பிழிந்துவிடலாம். சின்னது சீக்கிரம் உடையாது, எவர்சில்வர் டப்பாவில் இடைவெளி விடாமல் அடுக்கவும் வரும். மாலாட்டை ஒவ்வொன்றாக வெண்ணெய்த் தாளில் சுற்ற வேண்டும்; இல்லாவிட்டால் போய்ச் சேர்வது மாலாட்டுப் பொடி. ஈரமாவு முறுக்கு மிச்சம் இருந்தால் அதைப் பார்சலில் சேர்க்க வேண்டாம், கிளம்புகிற அன்று காலைக் காப்பியோடு தீர்த்துவிடலாம்.